பின்சக்கர ஹப்பை வீட்டில் பிரித்துப் பூட்ட எந்தக் கருவிகளை வாங்குவது

வன்னியில் ஓடும் சைக்கிளில், அச்சைச் சுற்றிச் சுழலும் சக்கர நடுப்பாகமான ஹப், முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தில்தான் முதலில் தேய்கிறது. ஓட்டுபவரின் பாரத்தில் பெரும்பங்கு பின் அச்சில் இறங்குகிறது; அதன்மேல் கரியரில் நெல் மூடையோ விறகுக் கட்டோ தண்ணீர்க் கானோ ஏறுகிறது; செயினின் இழுவையையும் அதே அச்சே தாங்குகிறது. சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் வீதியின் செம்புழுதி ஹப்பின் இரு வாய்களிலும் படிந்து, கிறீஸோடு கலந்து, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளுக்கிடையே அரமாக வேலை செய்கிறது. மாரியில் குளங்கள் வான் பாயும்போது வீதியைக் குறுக்கறுத்து ஓடும் நீரில் சக்கரம் அச்சளவுக்கு மூழ்கிவிட்டால், உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. சாதாரணச் சைக்கிள் ஹப்பில் நீரைத் தடுக்கும் இறப்பர் வளையம் கிடையாது. ஒரு மெல்லிய தகட்டு மூடிதான் இருக்கும்.

அந்த ஹப்பைத் திறந்து, துடைத்து, புதிய குண்டுகளைப் போட்டு, கிறீஸ் வைத்து மூடுவது வீட்டு முற்றத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலையே. ஆனால் கருவிப் பெட்டி ஒன்றை முழுதாக வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தகைய பெட்டியில் உங்கள் ஹப்புக்குப் பொருந்துபவை மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றில் ஒன்றாவது அளவு பிசகியதாக இருக்கும். முதலில் சக்கரத்தைப் பார்த்து, அளந்து, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் வாங்குவதே நல்லது.

பிரிக்க வேண்டுமா என்பதை எந்தக் கருவியும் இல்லாமலே அறியலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தின் றிம்மைச் சட்டகத்தின் அருகே பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். றிம் ஆடினால் ஹப்பின் கோன், அதாவது குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவ நட், தளர்ந்திருக்கிறது அல்லது குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. பிறகு சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, சட்டகத்தில் விரல் வைத்துப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற அதிர்வு வந்தால் உள்ளே அழுக்கோ குழியோ இருக்கிறது. றிம் அசையாமல் பல்சக்கரம் மட்டும் ஆடினால் அந்தத் தளர்வு, மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பல்சக்கரமான பிறீவீலுக்கு உரியது. ஹப்பைத் திறப்பதால் அது தீராது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் நல்ல ஹப்பைப் பிரித்துப் போடுபவர்கள் பலர்.

ஹப்பின் வகையை அறிதல்

எங்கள் ஊர்களில் ஓடும் லுமாலா போன்ற சைக்கிள்களிலும், இந்தியாவிலிருந்து வந்த பாரச் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இருப்பது கப்பும் கோனும் கொண்ட ஹப். ஹப்பின் உடலில் இரு பக்கமும் கிண்ணம் போன்ற கப் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சில் திருகப்பட்ட கோன், குண்டுகளை அந்தக் கப்புக்குள் தாங்கிப் பிடிக்கும். கோன் நகராதபடி அதற்கு வெளியே ஒரு லொக் நட் இறுக்கப்பட்டிருக்கும். வலப்பக்கத்தில் இவற்றை மறைத்தபடி பிறீவீல் திருகி ஏற்றப்பட்டிருக்கும். இக்கட்டுரையில் பெரும்பகுதி இந்த ஹப்பைப் பற்றியது.

அண்மைக் காலத்து மலைச் சைக்கிள்கள் சிலவற்றில் கோனுக்குப் பதிலாக முழுதாக மூடிய பேரிங் இருக்கும். அச்சின் அருகே ஸ்பனர் பிடிப்பதற்கான தட்டையான பக்கம் உள்ள கோன் தென்படாமல், இறப்பர் மூடியோடு கூடிய வளையம் தெரிந்தால் அது அந்த வகை. அதற்குக் கோன் ஸ்பனரே வேண்டியதில்லை. வளையத்தின் மேல் 6000, 6001, 6200 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். 6001 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, தடிப்பு 8 மில்லிமீற்றர். இவ்வெண்கள் சைக்கிளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். புதியதை ஏற்றும்போது சுத்தியலால் அடிக்காமல், நீளத் திருகாணி ஒன்றில் இரு பக்கமும் வாசர் கோத்து நட்டை இறுக்கி உள்ளே தள்ள வேண்டும். வாசர் பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் படவேண்டும். உள்வளையத்தில் பட்டால் புதிய பேரிங் பூட்டும்போதே கெட்டுவிடும்.

கோன் ஸ்பனர்

சாதாரண ஸ்பனர் கோனில் இறங்காது. கோனில் ஸ்பனர் பிடிப்பதற்கு விடப்பட்ட தட்டையான பகுதி மிகக் குறுகியது. அதற்கும் லொக் நட்டுக்கும் இடையே போகக்கூடிய ஸ்பனர் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பே இருக்கலாம். பின் ஹப்பின் கோனுக்கு 15 மில்லிமீற்றரும் முன் ஹப்பின் கோனுக்கு 13 மில்லிமீற்றரும் பரவலாகக் காணப்படும் அளவுகள். ஆனால் 14, 16, 17 ஆகியவையும் உண்டு, பழைய சைக்கிள்களில் அங்குல அளவுகளும் உண்டு. ஆகவே ஊகித்து வாங்க வேண்டாம். உயர்தர மாணவர் இருக்கும் வீட்டில் வேணியர் இடுக்கிமானி பற்றித் தெரிந்த ஒருவராவது இருப்பார். கருவி கையில் இல்லையென்றால், ஒரு காகிதத் துண்டைக் கோனின் இரு தட்டைப் பக்கங்களுக்கும் குறுக்கே வைத்து அடையாளமிட்டு, அடிமட்டத்தில் பார்த்தாலும் போதும். 15 உக்கும் 16 உக்கும் இடையிலான வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், அந்த ஒரு மில்லிமீற்றர் தளர்விலேதான் கோனின் மூலைகள் மழுங்குகின்றன.

எத்தனை வாங்குவது என்பதில் என் கருத்து, பின் கோனுக்குரிய அளவில் இரண்டு வாங்குவது. ஒன்றைக் கோனிலும், தடித்த சாதாரண ஸ்பனரை லொக் நட்டிலும் பிடித்துக் கழற்றிவிடலாம் என்பது உண்மை; லொக் நட் பெரும்பாலும் 17 மில்லிமீற்றர் அளவில், சாதாரண ஸ்பனர் பிடிக்கக்கூடிய தடிப்பில் இருக்கும். ஆனால் வேலை முடிவில், இரு கோன்களும் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டனவென்று தெரியவரும்போது, லொக் நட்டுகளைத் தளர்த்தாமலே இரு கோன்களையும் ஒரே நேரத்தில் வெளிப்புறமாகச் சிறிது திருப்ப இரண்டு மெல்லிய ஸ்பனர்கள் இருந்தால் அரை நிமிட வேலை. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி பார்க்க வேண்டும். இரு முனைகளிலும் வெவ்வேறு அளவு கொண்ட கோன் ஸ்பனர்கள் கிடைத்தால், முன் ஹப்புக்கும் அவையே உதவும். சைக்கிளோடு சேர்த்துக் கொடுக்கப்படும், பல துளைகள் வெட்டிய தகட்டு ஸ்பனரை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் துளைகள் தளர்வானவை, தகடும் முறுகும்.

நகரக் கடையிலும் கோன் ஸ்பனர் கிடைக்காதபோது, பழைய 15 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்றை வெல்டிங் கடையில் கொடுத்து இரு பக்கமும் அராவி மெல்லிதாக்கிக்கொள்ளலாம். அராவுபவரிடம் ஒன்றைச் சொல்ல மறக்க வேண்டாம்: இரும்பு நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூடேறினால் அதன் பதம் போய்விடும், ஆகவே அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். மலிவாக விற்கப்படும் மென்மையான தகட்டுக் கோன் ஸ்பனரைவிட, நல்ல ஸ்பனரிலிருந்து இப்படி அராவியெடுத்தது நெடுநாள் உழைக்கும்.

அச்சின் இரு முனைகளிலும் உள்ள பெரிய நட்டுகளுக்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை 15 மில்லிமீற்றர். வீட்டிலுள்ள வளைய ஸ்பனர் ஒன்று பொருந்தும். குறடால் மட்டும் அவற்றைப் பிடிக்க வேண்டாம்.

பிறீவீல் கழற்றி

காசு வீணாகும் இடமும், நிதானமாக யோசிக்க வேண்டிய இடமும் இதுவே. முதற்கேள்வி, பிறீவீலைக் கழற்றத்தான் வேண்டுமா என்பது. ஒற்றைப் பிறீவீல் கொண்ட சைக்கிள்களில் இடப்பக்கத்து லொக் நட்டையும் கோனையும் கழற்றி, அச்சை வலப்பக்கமாக உருவியெடுத்தால், வலப்பக்கத்துக் குண்டுகளைப் பிறீவீலின் நடுத்துளை வழியாகவே எடுக்கவும் புதியவற்றை வைக்கவும் பல ஹப்புகளில் முடிகிறது. வலப்பக்கத்துக் கோனும் லொக் நட்டும் அச்சிலேயே இறுகியபடி இருக்கட்டும். அப்போது அச்சு சட்டகத்தில் இருந்த இடம் மாறாது, சக்கரமும் நடுவில் நிற்கும். வழக்கமாகத் துடைத்துக் கிறீஸ் வைப்பதற்கு இது போதும். கப்பின் தடத்தை நன்றாகப் பார்க்க வேண்டிய போதும், பிறீவீலையே மாற்ற வேண்டிய போதும்தான் கழற்றி தேவைப்படுகிறது.

வாங்குவதானால், பிறீவீலின் முகத்தைப் பார்த்தபின் வாங்குங்கள். பழைய பாரச் சைக்கிள்களின் ஒற்றைப் பிறீவீலில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். பிற்காலத்தவை சிலவற்றில் நான்கு. இரண்டு பல் கழற்றியும் நான்கு பல் கழற்றியும் ஒன்றுக்கொன்று மாற்றாக உதவா. கியர்ச் சைக்கிளில் நடுவளையத்தின் உட்பக்கம் நுண்ணிய வரிப்பற்கள் இருக்கும். அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றும்போது அந்த வரிப்பல் வளையமும் சேர்ந்து சுழன்றால் அது கெசட் வகை, அதாவது பல்சக்கரங்களை ஹப்பின்மேல் செருகி அந்த வளையத்தால் இறுக்கிய வகை. வளையம் அசையாமல் அச்சோடு நின்றால் அது திருகி ஏற்றிய பிறீவீல். இரண்டுக்குமான கழற்றிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று மற்றதில் சரியாக அமராது. கெசட் வகைக்கு, பல்சக்கரம் சுழலாமல் பிடிக்க ஒரு செயின் பிடியும் வேண்டும். அதைப் பழைய செயின் துண்டொன்றை இரும்புப் பட்டையில் ஆணியடித்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கழற்றியின் விலையைவிட அதன் பற்களின் உறுதி முக்கியம். பிறீவீல் ஒவ்வொரு மிதிக்கும் தன்னை இறுக்கிக்கொள்கிறது; பல ஆண்டு பாரம் ஏற்றி மிதித்த சைக்கிளில் அது கையால் அசையாத அளவுக்கு இறுகியிருக்கும். மென்மையான பல் முதல் முயற்சியிலேயே வெட்டிலிருந்து வழுக்கி, வெட்டையும் உருட்டிவிடும். அதன்பின் எந்தக் கழற்றியும் பிடிக்காது. வழுக்காமலிருக்க, கழற்றியை வெட்டில் அமர்த்தியதும் அதன்மேல் அச்சின் நட்டைப் போட்டுக் கையிறுக்கமாகத் திருகி நிறுத்த வேண்டும். பிறகு கழற்றியின் தலையை வைஸில் கவ்வி, சக்கரத்தைப் படுக்கையாகப் பிடித்து, றிம்மின் இரு பக்கமும் கைகொடுத்து, மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். றிம்மே நெம்புகோலாக அமைவதால் பெரும் பலம் கிடைக்கும். பிடி விட்டவுடனேயே நிறுத்தி, அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் பிறீவீல் வெளிவர இடமின்றி அச்சை நெருக்கும். கம்பிகளை வெட்டிய பிறகு பிறீவீலைக் கழற்ற வழியில்லை என்பதால், சக்கரத்தைக் கழித்துவிட எண்ணினாலும் முதலில் பிறீவீலை எடுத்துவிடுங்கள்.

மேசையில் பூட்டிய வைஸ் எல்லா வீட்டிலும் இராது. உழவு இயந்திரம் வைத்திருக்கும் அயலவர் வீட்டில் இருக்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் இதற்கெனப் புதிய வைஸ் வாங்குவது வீண்செலவு. சக்கரத்தைச் சைக்கிள் கடைக்கு எடுத்துச்சென்று, பிறீவீலை மட்டும் தளர்த்திக் கையிறுக்கமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கழற்றியோடு செய்து தருகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உளியை வெட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிறீவீலைத் தூக்கி எறியப்போகும் நாளுக்கு மட்டுமே அது ஏற்றது. பிறீவீலின் முகமூடியைத் திறந்து உள்ளிருக்கும் சிறு குண்டுகளைப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்வது நல்லது. அந்த மூடி இடத்திருகு கொண்டது. திறந்தவுடன் நூறுக்குக் கிட்டிய நுண்குண்டுகள் முற்றத்து மணலில் உருளக்கூடும், அவற்றில் பாதி கோழிகளுக்கே போய்ச்சேரும்.

குண்டும் கிறீஸும் துடைப்பதற்கானவையும்

பின் ஹப்பில் வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் 1/4 அங்குலக் குண்டுகள் 9 இருக்கும். முன் ஹப்பில் 3/16 அங்குலக் குண்டுகள் 10. திறந்தவுடன் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த எண்ணிக்கையை முழுதாக நம்ப வேண்டாம். முன்பு பூட்டியவர் ஒன்றைத் தொலைத்துவிட்டு எட்டோடு மூடியிருக்கலாம். இன்னொரு குண்டுக்கு இடமில்லாமலும், உள்ளவை ஒன்றையொன்று நெருக்காமலும் வட்டம் அமைவதே சரியான எண்ணிக்கை. பழையதில் சிலவற்றையும் புதியதில் சிலவற்றையும் கலக்கக் கூடாது. தேய்ந்த குண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்திருக்கும். அப்போது முழுப் பாரமும் பெரிய குண்டுகளில் மட்டும் விழும். விலை குறைந்த பாகம் குண்டுதான் என்பதால், ஹப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் புதிதாகப் போட்டுவிடுவதே என் வழக்கம்.

உருண்ட குண்டுகளைச் சேர்க்க, பழைய வானொலியின் ஒலிபெருக்கிக் காந்தம் போதும். கப்பில் அடுக்க ஒரு சாவணம் உதவும். கிறீஸ் தடவிய கப்பில் குண்டு தானாகவே ஒட்டி நிற்கும். மூடித் தகட்டை நெம்பி எடுக்கத் தட்டையான திருப்புளி ஒன்று போதுமென்றாலும், தகடு எளிதில் வளையும். வளைந்த தகடு கோனில் உரசி ஓசையிடும், புழுதிக்கும் வழிவிடும். தகட்டை எடுக்காமலே குண்டுகளை வெளியே எடுக்க முடிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

துடைக்க மண்ணெண்ணெய், பழைய பருத்தித் துணி, தேய்ந்த பற்தூரிகை ஆகியவை போதும். பெற்றோல் வேண்டாம், அடுப்படிக்கு அருகே அதைத் திறந்து வைப்பது ஆபத்து. பிறீவீல் பூட்டியபடி இருந்தால் மண்ணெண்ணெயை ஊற்றாமல் துணியில் நனைத்து மட்டும் துடையுங்கள், ஏனெனில் அது பிறீவீலுக்குள் இறங்கி அங்குள்ள எண்ணெயைக் கழுவிவிடும். கழுவிய அழுக்கெண்ணெயைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிறீஸுக்காகச் சைக்கிள் பெயர் போட்ட சிறு குப்பி வாங்குவது அவசியமன்று. லான்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் பெரிய உழவு இயந்திரத்துக்கும் பயன்படும், 2 ஆம் தரத் தடிப்புக் கொண்ட லிதியம் கிறீஸ் சைக்கிள் ஹப்புக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் வயலில் திறந்தபடி கிடந்த தகரத்திலிருந்து எடுக்க வேண்டாம். அதில் மணல் இருந்தால் நீங்கள் துடைத்தெறிந்ததையே திரும்ப உள்ளே வைக்கிறீர்கள். எஞ்சின் எண்ணெய் மெல்லியது, சில நாட்களில் வழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் காலப்போக்கில் பிசினாகும். நடுவில் எண்ணெய் விடும் சிறு துளையும் அதற்கு ஒரு வில்மூடியும் வைத்த பழைய ஹப்புகள் மட்டும் விலக்கு. அவற்றில் கிறீஸ் வைத்த பின்பும் அவ்வப்போது சில துளி எண்ணெய் விடலாம்.

எல்லாம் துடைத்தான பிறகு ஒரு போல் பேனாவின் முனையால் கோனின் தடத்தையும் கப்பின் தடத்தையும் மெதுவாக வருடிப் பாருங்கள். முனை எங்காவது தடக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. கோன் சிறியது, முதலில் குழிவதும் அதுவே, மாற்றுவதும் எளிது. பழைய கோனையும் அச்சையும் கையில் எடுத்துச்சென்று, அதே திருகிலும் அதே வடிவத்திலும் வாங்க வேண்டும். அச்சில் 10 மில்லிமீற்றர் திருகும் உண்டு, 3/8 அங்குலத் திருகும் உண்டு; இவை கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கப்பில் குழி இருந்தால் கருவி வாங்கிப் பயனில்லை. ஹப்பை மாற்றுவதற்கே கணக்குப் பார்க்க வேண்டும். அச்சைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்ப்பதும் இந்த நேரத்திலேதான். திருகி ஏற்றும் பிறீவீல் ஹப்பில் வலப்பக்கத்துப் பேரிங் சட்டகத்திலிருந்து தள்ளி உள்ளே இருப்பதால், தாங்கலற்ற அந்த இடத்திலேயே பாரச் சைக்கிள்களின் அச்சு வளைகிறது, பின்பு முறிகிறது. வளைந்த அச்சோடு எவ்வளவு கவனமாகக் கோனைச் சரிசெய்தாலும் சக்கரம் ஒரு பாதியில் இறுகி, மறுபாதியில் தளரும்.

பூட்டிச் சரிபார்த்தல்

இடப்பக்கத்துக் கோனை விரலால் திருகிக் குண்டுகளைத் தொடும்வரை கொண்டுவந்து, மிகச் சிறிது பின்வாங்கி, கோன் ஸ்பனரால் அதை அசையாமல் பிடித்தபடி லொக் நட்டை இறுக்க வேண்டும். லொக் நட் இறுகும்போது கோனும் சிறிது உள்ளே நகரும் என்பதால், முதல்முறையிலேயே சரியாக அமைந்தால் அது நல்வாய்ப்பு. அச்சின் முனையை விரல்களால் பிடித்துச் சுழற்றினால் கரடில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. கியர்ச் சைக்கிள்களில் நெம்புப் பிடியால் பூட்டும் துளை அச்சு இருந்தால், பூட்டும்போது அச்சு நெருங்கும். அவற்றில் மட்டும் கையில் இருக்கும்போது மிகச் சிறிய ஆட்டத்தை விட்டு, சட்டகத்தில் பூட்டிய பின் அது மறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

சக்கரத்தைச் சட்டகத்தில் பூட்டியதும் றிம்மைப் பிடித்து, தொடக்கத்தில் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறையும், குளங்கள் வான் பாய்ந்து ஓய்ந்த பின் ஒருமுறையும் இந்த வேலையைச் செய்தால் போதும். ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் இறக்கியிருந்தால் நாட்களை எண்ணாமல் உடனே திறக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய சக்கரத்தில் முதல் சில நாட்கள் பாரமின்றி ஓடி, பின்பு அச்சு நட்டுகளை இறுக்கி, றிம்மை மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் திரும்பியிருந்தால் பெரும்பாலும் குற்றம் குண்டுகளில் இல்லை. லொக் நட் போதிய இறுக்கம் பெறவில்லை, அல்லது கோனைப் பிடித்த ஸ்பனர் தளர்வானது.